வீணை, மிருதங்கம், வயலின்: மழைக்கும் ஏசிக்கும் நடுவில் எப்படிக் காப்பாற்றுவது

ஐப்பசி பிறந்துவிட்டால் மிருதங்கம் வாசிக்கிறவர்களிடம் ஒரே பேச்சுதான். வலந்தலை (வலக்கைப் பக்கத் தோல்) மந்தமாகிவிட்டது, சுருதி நிற்கவில்லை, சேர்த்து வைத்தால் அரை மணியில் இறங்கிவிடுகிறது. தை வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிடும், ஈரத்தை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் வாத்தியம் உண்மையில் உடைவது எப்போது என்று பார்த்தால் கதை வேறு. மழையில் ஓசை மந்தமாகும், பூஞ்சை பிடிக்கும், கம்பியை முறுக்குகிற பிரடை இறுகும். விரிசல் விழுவது அநேகமாக அதற்கு அப்புறம்தான், ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கிற மரத்தை ஏசி ஓடுகிற அறைக்குள் கொண்டுபோய்த் திறந்து வைக்கும்போது. ஈரமும் வறட்சியும் வந்து போவதை நம்மால் தடுக்க முடியாது. அது வாத்தியத்துக்குள் போய்ச் சேருகிற வேகத்தைக் குறைக்க முடியும். கீழே சொல்லியிருப்பது எல்லாமே அந்த வேகத்தைக் குறைக்கிற வழிகள்தான்.

மரத்தை அறுத்து, காயவைத்து, வாத்தியமாகச் செய்து முடித்த பிறகும் அது காற்றோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டேதான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரத்துக்குள் அதன் காய்ந்த எடையில் சுமார் 9 சதவீதம் நீர் தங்கும், 80 சதவீதம் என்றால் சுமார் 16. இந்த மாற்றத்தில் மரம் நீளவாக்கில் அசையவே அசையாது என்று சொல்லலாம், ஊதுவதும் சுருங்குவதும் குறுக்குவாக்கில்தான். விரிசல் எப்போதும் நார் ஓடுகிற திசையிலேயே போவதற்கு அதுதான் காரணம். கனமும் முக்கியம். வயலினின் மேல்பலகை மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம், சில மணி நேரத்திலேயே காற்றுக்கு ஏற்ப மாறத் தொடங்கிவிடும். மிருதங்கத்தின் பலாக்கட்டை வாரக்கணக்கில் நிதானமாக மாறும், ஆனால் அதன் மேல் கட்டியிருக்கிற தோல் நிமிஷக்கணக்கில் மாறும். ஒரே வாத்தியத்தில் ஒரு பாகம் ஓடுகிறது, இன்னொரு பாகம் நடக்கிறது, இரண்டும் பிரிகிற இடத்தில்தான் சேதம்.

முதலில் ஒரு மீட்டர்

காற்றின் ஈரப்பதத்தை அளக்கிற ஹைக்ரோமீட்டர் இல்லாமல் மற்ற எதையும் வாங்காதீர்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. போனில் வானிலை காட்டுகிற எண் வெளியே இருப்பது, உங்கள் அறையில் இருப்பதல்ல, பெட்டிக்குள் இருப்பது அதுவும் அல்ல. விலை குறைந்த மீட்டர்கள் நாலைந்து சதவீதம் முன்னே பின்னே காட்டும், சில இன்னும் மோசம், அதனால் வாங்கியதும் சரிபார்த்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, குழைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள், உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவருக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டுவிடுங்கள். ஈர உப்பு இருக்கிற மூடிய இடத்தில் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். காலையில் மீட்டர் 70 காட்டினால் இனிமேல் ஐந்தைக் கூட்டிப் படியுங்கள், அவ்வளவுதான்.

எந்த எண் நல்ல எண்? கிட்டார் செய்கிற கம்பெனிகள் 45-லிருந்து 55 வரை என்பார்கள். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கார்த்திகை மாதத்தில் அந்த எண்ணைத் துரத்திப் பிடிக்க முடியாது, துரத்தவும் வேண்டாம். கடலோரக் காற்றிலேயே செய்து, அதிலேயே பல வருஷம் பழகிய பலா வீணை 65-லும் நன்றாகத்தான் இருக்கும். 70-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும், 40-க்குக் கீழே இறங்கினால் விரிசலுக்குப் பயப்பட வேண்டும், இந்த இரண்டு எல்லைகள் மனதில் இருந்தால் போதும். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஆட்டம். காலையில் 78, ராத்திரி ஏசி போட்டதும் 45 என்று தினமும் ஊஞ்சலாடுகிற அறையைவிட, எப்போதும் 66-லேயே நிற்கிற அறை எவ்வளவோ மேல்.

பெட்டிதான் முக்கால்வாசி வேலை

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்து அடி, மொத்தம் சுமார் 34 கன மீட்டர் காற்று. 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தக் காற்றில் முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியாக மிதந்துகொண்டிருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் மறுபடியும் நிரம்பிவிடும். ஈரத்தை இழுக்கிற மணிகளான சிலிக்கா ஜெல் அதிகபட்சம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நீரை இழுக்கும். ஆகவே பீரோ மேலே நாலு பாக்கெட்டை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதில் அர்த்தமே இல்லை. மூடிய வயலின் பெட்டிக்குள் இருக்கிற காற்றிலோ ஒரு கிராம் ஆவி கூடக் கிடையாது. அங்கே நூறு கிராம் சிலிக்கா ஜெல் நிஜமாகவே வேலை செய்யும், அதுவும் மூடி சரியாகப் பொருந்தினால். உள்ளே இருக்கிற மரமும், பெட்டியின் உள்துணியும்கூட ஈரத்தை வைத்துக் கொடுத்து வாங்கும் என்பதால் பெட்டிக்குள் மாற்றம் தானாகவே மெதுவாகிவிடும். வெளியே ஒரே நாளில் 30 சதவீதம் ஆடினாலும் நல்ல பெட்டிக்குள் அதில் சிறு பங்குதான் தெரியும், மீட்டரை உள்ளே வைத்து நீங்களே பார்க்கலாம்.

வாசித்து முடித்ததும் சுவரில் மாட்டி வைப்பது, ஸ்டாண்டில் நிறுத்தி வைப்பது எல்லாம் பார்க்க அழகு. மழைக்காலத்திலும் ஏசி அறையிலும் அந்த அழகு வேண்டாம். பெட்டி, முடியாவிட்டால் நல்ல கனமான உறை, அதுவும் இல்லாவிட்டால் இரண்டு சுற்றுப் பருத்திப் போர்வை. பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டுவது மட்டும் கூடாது, உள்ளே ஏற்கெனவே இருக்கிற வியர்வையும் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சிலிக்கா ஜெல்லில் சில விஷயங்கள். செருப்பு டப்பாவிலிருந்தும் மருந்து டப்பாவிலிருந்தும் எடுத்துச் சேர்த்த குட்டிப் பாக்கெட்டுகள் நம் கைக்கு வரும்போதே ஈரம் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறுகிற ஆரஞ்சு மணிகளாக வாங்குங்கள், ஈரம் ஏறியதும் பச்சையாகும். நீல மணிகளில் கோபால்ட் சேர்ந்திருக்கும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டாம். நிறம் மாறியதும் 120 டிகிரி அவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும்; அவன் இல்லாவிட்டால் சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய சட்டியில் இளம் சூட்டில் வறுக்கலாம், அப்புறம் அந்தச் சட்டி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. தை முடிந்து காற்று உலர ஆரம்பித்ததும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். சிலிக்கா ஜெல்லுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது, புதிதாக நிறைய போட்டால் பெட்டிக்குள் 30-க்குக் கீழேயும் இழுத்துவிடும். இரண்டு பக்கமும் வேலை செய்கிற, 49 சதவீதத்தில் நிறுத்துகிற போவெடா மாதிரியான பாக்கெட்டுகள் இதற்கு நல்ல மாற்று, விலைதான் கொஞ்சம் கடிக்கும், கடலோர மழைக்காலத்தில் சீக்கிரமே ஈரம் குடித்து ஊதிவிடும்.

அரிசி மூட்டை போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது இழுக்கிற ஈரம் கொஞ்சம், கூப்பிடுகிற வண்டும் எறும்பும் அதிகம். பீரோவில் வைக்கிற, ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகச் சேர்க்கிற டப்பாக்களை வாத்தியப் பெட்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் கால்சியம் குளோரைடு கரைசல், ஒரு முறை கவிழ்ந்தால் கம்பியும் போச்சு, வார்னிஷும் போச்சு.

வைக்கிற இடம்: வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், மழையில் அந்தச் சுவர்தான் ஊறும். சிமெண்டுத் தரையில் நேரடியாகவும் வேண்டாம், கீழே ஒரு மரப்பலகை அல்லது மடித்த ஜமக்காளம் போடுங்கள், கரையானுக்கும் அது கொஞ்சம் தடை. பரண் மழைக்குப் பத்திரம் என்று தோன்றும், ஆனால் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற பரண் சித்திரை, வைகாசியில் அடுப்புதான். வீட்டின் நடு அறையில், உள்சுவர் பக்கம், கட்டிலுக்கோ மேஜைக்கோ மேலே. அவ்வளவு போதும்.

ஏசி

ஏசி நாள் முழுக்க ஓடினால் வாத்தியத்துக்குப் பிரச்சினை இல்லை, 50-ஐ ஒட்டி நின்றுவிடும். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடி, காலையில் நின்று, ஜன்னல் திறந்து, மறுபடி ராத்திரி ஓடுவதுதான் மரத்தைப் பிழிவது. படுக்கை அறையில் ஏசி உண்டு என்றால் வாத்தியத்தை ஹாலில் வையுங்கள். ஒரே அறைதான் என்றால் பெட்டியை மூடி, ஏசியின் காற்று நேராக விழாத மூலையில்.

சபாவில் இதே கதை சுருக்கமாக நடக்கும். மார்கழியில் வெளியே மழைக்காற்று, ஆட்டோவில் வருகிறீர்கள், மேடையில் ஏசி, மேலே சூடான விளக்குகள். முடிந்தால் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் வாத்தியத்தை மேடைப் பக்கம் பெட்டியோடு வைத்துவிடுங்கள், கடைசி இருபது நிமிஷத்தில் திறந்து சுருதி சேருங்கள். திறந்த உடனே சேர்த்த சுருதி நிற்காது, அது உங்கள் கைக் குறையும் அல்ல. திரும்பும்போது இன்னும் கவனம் வேண்டும். 30 டிகிரியும் 75 சதவீத ஈரமும் உள்ள காற்று ஏறக்குறைய 25 டிகிரிக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே நீர்த்துளி கட்டிவிடும். ஏசியில் 22 டிகிரிக்குக் குளிர்ந்த வீணையை வாசலில் வைத்துத் திறந்து யாருக்காவது காட்டினால், கண்ணாடி அணிந்தவருக்கு வெளியே வந்ததும் மூடுபனி கட்டுகிற அதே விஷயம் மேல்பலகையிலும் கம்பியிலும் நடக்கும். உள்ளேயே மூடுங்கள், வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள்.

வீணை

வீணையின் பலவீனமான இடம் மரத்தைவிட மெழுகுதான். விரல் வைத்து வாசிக்கிற உலோகக் கட்டைகளான 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் சேர்த்த கலவையில் பதிந்து நிற்கின்றன. தேன்மெழுகு உருகுவது 62 டிகிரியை ஒட்டி, ஆனால் அதற்கு வெகு முன்னாலேயே இளகிவிடும். வெயிலில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் அந்த வெப்பம் எளிதாக வந்துவிடும். டிக்கியில் வீணையை வைத்துவிட்டு வழியில் சாப்பிட இறங்குவது என்பதே கூடாது, யாராவது ஒருவர் வண்டியில் இருக்கட்டும். குளிர்ந்த வறண்ட இடத்தில் எதிர்ச் சங்கடம்: மெழுகு கெட்டியாகி நொறுங்கும், மரம் சுருங்கும்போது அது கூட வராது, மெட்டு ஒன்றிரண்டு ஆடத் தொடங்கும். மேளம் கட்டுவதை, அதாவது மெட்டுகளை ஸ்வரத்துக்குச் சரியாக மெழுகில் பதிப்பதை, அடைமழை மாதத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரத்தில் தண்டி (வீணையின் நீண்ட கழுத்து) எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலைக்கு மெட்டுகள் அமர்ந்துவிடும், மாசியில் தண்டி உலர்ந்ததும் ஸ்வரம் தள்ளிப்போகும்.

ஏகாண்ட வீணையில் குடமும் தண்டியும் ஒரே மரத்துண்டு என்பதால் ஒட்டுவிடுகிற தொல்லை குறைவு, ஆனாலும் குடத்தின் மேல்பலகை தனித் துண்டுதான், அதன் விளிம்பை மாதம் ஒரு முறை நகத்தால் தடவிப் பாருங்கள். எங்காவது நகம் மாட்டினால் அப்போதே காட்டிவிடுங்கள். ஒட்டு வீணையில் தண்டி சேருகிற இடங்களையும் பார்க்க வேண்டும். பிரடை மழையில் இறுகும், அப்போது பலம் கொடுத்துத் திருகினால் பிரடைப் பெட்டி பிளக்கும். முதலில் மெதுவாக வெளிப்பக்கம் இழுத்துத் தளர்த்தி அப்புறம் திருப்புங்கள். வாசிக்கும்போது விரலில் தொட்டுக்கொள்கிற எண்ணெய், வியர்வை இரண்டையும் வாசித்து முடித்ததும் கம்பிகளிலிருந்தும் மெட்டுகளிலிருந்தும் உலர்ந்த மல் துணியால் துடைத்துவிடுங்கள். கடற்காற்றில் எஃகுக் கம்பி துருப்பிடிக்க ஒரு வாரம் தாராளம்.

மிருதங்கம்

தோல் ஈரத்தைக் குடித்தால் தொய்யும், சுருதி இறங்கும். காய்ந்தால் இறுகும், சுருதி ஏறும். இது எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது என்னவென்றால், மழை நாளில் வீட்டில் வாரை நன்றாக இழுத்து, பின்னலில் தட்டித் தட்டி ஏற்றிய சுருதியோடு ஏசி அரங்கத்துக்குள் நுழைந்தால் தோல் அங்கே இன்னும் இறுகும். ஏற்கெனவே எல்லையில் இருக்கிற தோல் அது. மூட்டு (கட்டையின் வாயில் கட்டுகிற தோல்) கிழிவதும் வார் அறுவதும் அப்போதுதான். வீட்டில் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள், மீதியை மேடைக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். கச்சேரி முடிந்ததும் பின்னலைத் தட்டிச் சுருதியை இறக்கிவிட்டு உறையில் போடுங்கள். மாதக்கணக்கில் வாசிக்கப் போவதில்லை என்றாலும் முழு இழுப்பில் வைக்காதீர்கள், அதே சமயம் முழுக்கத் தளர்த்திவிடவும் வேண்டாம், தோல் கோணலாகக் காய்ந்துவிடும்.

தொப்பியில் (இடக்கைப் பக்கத் தோலில்) அப்புகிற ரவையை அப்படியே காயவிட்டு உறையில் போடுவதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை. ஈரம், மாவுச்சத்து, இருட்டு, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? கரப்பானும் எலியும் அதற்காகவே தோலைக் கடிக்கும். முடித்த உடனே எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணியால் ஒரு துடை, அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் நிழலில் இருக்கட்டும். அதற்கப்புறம் உறை. வலந்தலையின் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டமான கரணை, சோறும் கிட்டான் கல் பொடியும் சேர்த்துத் தேய்த்துப் பூசியது, சட்டென்று உலர்ந்தால் வெடித்து உதிரும். மழை நாளில் சுருதி ஏற வேண்டும் என்று குண்டு பல்புக்குப் பக்கத்திலோ வெயிலிலோ வைப்பவர்கள் அன்றைய கச்சேரியைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள், அடுத்த மாதத்தில் கரணைக்குச் செலவு செய்கிறார்கள். உலர்ந்த கையால் தோலை நாலைந்து நிமிஷம் அழுத்தித் தேய்ப்பதே ஓரளவு உதவும். நின்ற வாக்கில் வைக்காமல், துணிப் பிரிமணை மேல் படுக்கவைத்து, இரண்டு தோல்களுக்கும் வட்டத் துணி உறை போட்டு வைப்பதுதான் நல்லது.

தவிலில் இப்போது நட்டு போல்ட்டும் இரும்பு வளையமும் வந்துவிட்டதால் இழுப்பது சுலபம், ஆனால் இரும்பு துருப்பிடிக்கும், போல்ட் திருகுமரைகளில் வருஷம் இரண்டு தரம் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், தோலில் படாமல். பறையைத் தீயில் காய்ச்சி வாசிப்பவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை, அவர்கள் இந்த விஷயத்தில் நம் எல்லாருக்கும் முன்னோடிகள். கஞ்சிராவுக்கு உட்புறம் தண்ணீர் தொட்டு இறக்குவது வழக்கம், வாசித்ததும் துடைத்து, சட்டத்தோடு தட்டையாக வைத்து உலர்த்துங்கள், சட்டம் கோணாமல் இருக்கும். உடும்புத் தோல் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை, ஆட்டுத்தோலோ செயற்கைத் தோலோதான் வழி. செயற்கைத் தோலுக்கு மழையும் ஒன்றுதான் வெயிலும் ஒன்றுதான். கடம் மண், உள்ளே ஈரம் இறங்கினால் ஓசை மங்கும், துடைத்து வாய் திறந்த நிலையில் வைத்தால் தானே சரியாகும்.

வயலின்

வயலினை ஒட்டுவது விலங்குத் தோலிலிருந்து எடுக்கிற வஜ்ஜிரப் பசையால். அது வேண்டுமென்றே மரத்தைவிடப் பலம் குறைந்தது. மரம் சுருங்கி இழுக்கும்போது பலகை பிளப்பதற்குப் பதில் விளிம்பில் ஒட்டு விட்டுவிடும், பழுது பார்ப்பவர் திரும்ப ஒட்டிக் கொடுத்துவிடுவார், வாத்தியம் பிழைத்தது. இதனால்தான் விளிம்பு பிரிந்த இடத்தில் ஃபெவிகாலோ ஃபெவிக்விக்கோ போடவே கூடாது. அடுத்த தடவை ஒட்டு விடாது, பலகைதான் பிளக்கும். விரல் முட்டியால் ஓரம் சுற்றித் தட்டிப் பாருங்கள், ஒட்டு விட்ட இடத்தில் மட்டும் சலசலவென்று வேறு மாதிரி கேட்கும்.

பிரடை வறட்சியில் வழுக்கி ஒரேயடியாகக் கம்பிகள் அவிழ்ந்துவிடும். கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவினால் பிடிக்கும். மழையில் இறுகினால் காய்ந்த சோப்பை லேசாகத் தேய்க்கலாம். நாலு கம்பியையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள், உள்ளே நிற்கிற சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரக்குச்சி கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது, அழுத்தம் போனால் விழுந்துவிடும், அதை மறுபடி நிறுத்துவது நம் வேலை அல்ல. வில்லைத் தளர்த்தாமல் பெட்டியில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குதிரை முடி ஈரத்தில் நீளும், வறட்சியில் குறுகும். கடலோர வீட்டில் இறுக்கிய வில்லை அப்படியே ஏசி அறையில் வைத்தால் முடி குறுகிக் குச்சியை வளைக்கும், சில நேரம் நுனி உடையும். பெட்டியை மாதக்கணக்கில் திறக்காமல் வைத்தால் சின்னப் புழுக்கள் முடியைக் கடித்து ஒவ்வொன்றாக அறுந்து கிடக்கும், வாரம் ஒரு முறையாவது திறந்து வெளிச்சம் காட்டுங்கள். நம் பாணியில் உட்கார்ந்து வாசிப்பதால் வியர்வை மேல்பலகை ஓரத்திலும் முகவாய்ப் பக்கமும் நிறைய இறங்கும், துடைக்காவிட்டால் வார்னிஷ் அங்கேதான் முதலில் போகும்.

குழல், நாகஸ்வரம், மற்றவை

புல்லாங்குழல் வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளேயும் வெளியேயும் வேறுவேறு ஈரம் இருப்பது. மூச்சின் ஈரத்தில் உட்புறம் ஊதுகிறது, ஏசிக் காற்றில் வெளிப்புறம் சுருங்குகிறது, நூல் கட்டாத இடத்தில் நீளமாக ஒரு கோடு விழுகிறது. வாசித்ததும் ஒரு குச்சியில் மெல்லிய துணி சுற்றி உள்ளே துடையுங்கள், உடனே பிளாஸ்டிக் குழாய்க்குள் திணிக்காதீர்கள், பஞ்சுத் துணி உறை போதும். வறண்ட மாதங்களில் பாதாம் எண்ணெய் ஒரு சொட்டு இரண்டு சொட்டு துணியில் தொட்டு உட்புறம் பூசி, ஒரு நாள் விட்டு, மிச்சத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். பெரிய சுருதிக் குழல்களுக்கு நூல்கட்டு தளர்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

நாகஸ்வரம் செய்கிற ஊரான நரசிங்கம்பேட்டையில் அதற்குப் பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவார்கள், பல வருஷம் வெயிலும் மழையும் பார்த்து ஊதிச் சுருங்கி முடித்த மரம் இனி அதிகம் ஆடாது என்பதால். ஆகவே உடலைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், வாயில் வைத்து ஊதுகிற சீவாளிதான் கவனம். நனைந்த சீவாளிகளைக் கொத்தாகக் கட்டி மூடிய டப்பாவில் போடாதீர்கள், கறுப்புப் புள்ளி விழும். காற்றோட்டமாக உலரவிட்டு அப்புறம் எடுத்து வையுங்கள்.

கிட்டாரில் மேல்பலகை ஒரே மரமா, ஒட்டுப்பலகையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டுப்பலகை கிட்டார் பெரிதாக ஆடாது. ஒரே மரம் என்றால் ஈரத்தில் வயிறு புடைத்துக் கம்பி உயரும், வறட்சியில் பலகை உள்வாங்கும், கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட் நுனிகள் கையில் குத்தும். குத்த ஆரம்பித்தால் மரம் சுருங்கிவிட்டது என்று அர்த்தம், அரத்தை எடுக்காமல் முதலில் ஈரத்தை ஏற்றுங்கள். ஆர்மோனியத்துக்கும் கட்டைச் சுருதிப் பெட்டிக்கும் நல்ல மருந்து வாரம் இரண்டு முறை வாசிப்பது, துருத்தி அசைந்தாலே உள்ளே காற்றோட்டம் கிடைக்கும்.

குளிர் நாட்டுக்குப் போனால்

அமெரிக்காவில், ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கிற தியாகராஜ ஆராதனை ஈஸ்டரை ஒட்டி வரும், அங்கே இன்னும் குளிர் முழுக்க விடாத நேரம். வெளியே மழையும் பனியும், அதனால் காற்று ஈரம் என்று நினைத்துவிடக் கூடாது. 0 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கிற காற்றை வீட்டுக்குள் இழுத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்கு வந்துவிடும். நம் ஊரில் 70-ல் வாழ்ந்த பலா மரத்துக்கு அது பாலைவனம். போய் இறங்கியதும் பெட்டியைத் திறக்காமல் அரை நாள் விடுங்கள். அப்புறம் ஒரு சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை அதில் வைத்துப் பெட்டியின் மூலையில் வையுங்கள், மரத்தில் படாமல், சொட்டாமல். தினமும் நனைக்க வேண்டும், இரண்டு நாளைக்கு ஒரு முறை ஸ்பாஞ்சை வெந்நீரில் கழுவ வேண்டும். ஹீட்டர் காற்று வருகிற தரைத் துவாரத்தின் பக்கம் வாத்தியம் இருக்கவே கூடாது. தங்குகிற அறைக்கு ஒரு சின்ன ஹியூமிடிஃபையர் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், வீணை பழுதுபார்ப்பவர் அங்கே எங்கே கிடைப்பார்?

பூஞ்சையும் பூச்சியும்

வெள்ளையாகப் பூத்திருந்தால் வெளியே எடுத்துப்போய், மூக்கை மூடிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சற்றே ஈரமான துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். சானிடைசரும் ஸ்பிரிட்டும் வேண்டாம், அரக்கு பாலிஷை ஆல்கஹால் கரைத்துவிடும். பெட்டியின் உள்துணிக்கும் வெயில் காட்ட வேண்டும், வாத்தியத்தை எடுத்துவிட்டு. வாத்தியத்துக்குக் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டிக் கிடந்தால் மரத்தைத் துளைக்கிற உளு, அது ஈரப் பிரச்சினை அல்ல, மற்ற வாத்தியங்களிலிருந்து அதைப் பிரித்து வைத்து உடனே தச்சரிடம் காட்டுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியில் போடுவது நல்ல பழக்கம்தான். பாச்சை உருண்டை போடுவதானால் வார்னிஷிலும் தோலிலும் படாமல் போடுங்கள், குழல் பெட்டியில் மட்டும் போடவே போடாதீர்கள், வாயில் வைக்கிற பொருள்.

தண்ணீரிலேயே நனைந்துவிட்டால்

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. மழை எச்சரிக்கை வந்தாலே தரையில் இருக்கிறவற்றை மேலே ஏற்றுங்கள், பரணைக் குறை சொன்னேன், ஆனால் அன்றைக்கு மட்டும் பரண்தான்.

நனைந்த வாத்தியத்தை உடனே வெளியே எடுங்கள், ஈரப் பெட்டிக்குள் ஒரு ராத்திரி கூட இருக்க வேண்டாம். சேற்றை நல்ல தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து எடுங்கள், காய்ந்த பிறகு அது உப்புத்தாளாக வார்னிஷைச் சுரண்டும். கம்பிகளைப் பாதி தளர்த்துங்கள். ஹேர் டிரையர், வெயில், அடுப்படி எதுவும் வேண்டாம், நிழலில் காற்றோட்டமாக, முதல் இரண்டு நாள் மேலே ஒரு மெல்லிய துணி போர்த்தி உலர்ச்சியை மெதுவாக்குங்கள். ஒட்டுகள் விட்டுவிட்டால் துண்டுகள் ஒன்றைக்கூடத் தொலைக்காமல் ஒரே பையில் போட்டு வையுங்கள், நீங்களே சேர்த்துக் கட்ட வேண்டாம். மிருதங்கத்தில் தோலைக் காப்பாற்ற முயல வேண்டாம், இரண்டு மூட்டுகளையும் கழற்றிவிட்டுக் கட்டையை மட்டும் உலர்த்துங்கள், அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரை புது மூட்டு கட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி, கீபோர்டு நனைந்தால் வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கத்தான் கை போகும். போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, மெக்கானிக் பார்க்கும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.